வெட்டப்போகும் மரத்தில் ஓர் அறிவிப்பு

அம்பத்தூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தை வெட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். மாநகராட்சியின் பூங்காத் துறை என்பார் ஒருவர். தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பார் இன்னொருவர். வனத்துறைக்கு எழுதிப் போடுங்கள் என்பார் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பார் கட்சிக்காரர். பட்டா நிலத்து மரத்துக்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை என்று அடித்துச் சொல்வார் வீட்டு உரிமையாளர். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நம் சட்டமே அப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

பாடியில் பேருந்து ஏறி, சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலை வழியாகப் பட்டாபிராம் வரை போய்ப் பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-இல் அம்பத்தூர் வட்டமே திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாவட்டத்துக்குப் போனது. காவல் நிலையமோ 2022 முதல் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகிறது. கொஞ்ச தூரம் மேற்கே போனால் திருமுல்லைவாயல். அங்கே உள்ளாட்சி, 2019-இல் உருவான ஆவடி மாநகராட்சி, மாவட்டம் திருவள்ளூர். சாலையின் ஓரம் நிற்கும் மரம் நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் வரும். வடக்கே தண்டவாளத்தை ஒட்டி நிற்பது ரயில்வேக்குச் சொந்தம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையின் மதிலுக்குள் தலை நீட்டி நிற்கும் மரங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில். முக்கால் மணி நேரப் பயணத்தில் ஐந்தாறு எசமானர்கள். இந்த நிலையில், கண்ணெதிரே ஒரு மரம் வெட்டப்படுவதைப் பார்க்கும் ஒருவர் எந்த எண்ணுக்குப் போன் செய்வார்?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், மலைகளுக்காகத்தான் முதலில் கவலைப்பட்டிருக்கிறோம். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களுக்கானது. அங்கே சொந்த நிலத்து மரமானாலும் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். ஈட்டி மரத்துக்கு 1994-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. சந்தன மரத்துக்கு வனத்துறையின் விதிகள் இருக்கின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பனை நம் மாநில மரம். ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர், மோரை பக்கமும், பூவிருந்தவல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் பக்கமும் மனைப்பிரிவு போடுவதற்காகச் சமன்படுத்தும் நிலங்களில் முதலில் விழுவது இந்த மரம்தான்.

அரசு நிலத்தில் நிற்கும் மரங்களுக்காக 2021-இல் மாநிலப் பசுமைக் குழுவும் மாவட்டப் பசுமைக் குழுக்களும் அமைக்கப்பட்டன. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். சாலை, வடிகால், மெட்ரோ, அரசுக் கட்டடம் என எதற்காக வெட்டினாலும் இந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் 10 கன்றுகள் நட வேண்டும். இது நல்ல ஏற்பாடு. இதற்கு முன்பெல்லாம் துறைக்குள்ளேயே ஒரு கோப்பு எழுதி, வனத்துறையிடம் மர மதிப்பு வாங்கி, ஏலம் விட்டு முடித்துவிடுவார்கள். இப்போது துறைக்கு வெளியே ஒரு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் இது அரசாணையால் வந்த குழு. சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. கர்நாடகத்துக்கு 1976-இலும், மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-இலும், டெல்லிக்கு 1994-இலும் மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. சமவெளியில் இருக்கும் நம் ஊர்களுக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை. அரை நூற்றாண்டு பிந்தியிருக்கிறோம்.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வயதான கணவன் மனைவி. நாற்பது ஆண்டுக்கு முன் மனை வாங்கியபோது நட்ட வேம்பு, வீட்டின் பின்பக்கம் பெரிதாக வளர்ந்திருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அதை ஒரு பக்கம் சாய்த்துவிட்டது. அதன் பிறகு அடிமரத்தில் கரையான் ஏறியது. சாய்ந்த பக்கத்தில் பக்கத்து வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் கீழே ஒரு கைக்குழந்தை. பெரியவர் முறைப்படி மனு எழுதினார். மரத்தின் போட்டோ, வீட்டு வரி ரசீது, ஆதார் நகல் எல்லாம் இணைத்துக் கொடுத்தார். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே போனால், முதலில் கொடுத்த இடத்திலிருந்து கடிதம் வரவேண்டும் என்றார்கள். ஒருவர் வந்து பார்த்து, கிளையைக் கழித்தால் போதும் என்று சொல்லிப் போனார். இரண்டாவது முறை வந்தவர், இது வேரோடு எடுக்க வேண்டிய மரம் என்றார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. ஆவணியில் கொடுத்த மனுவுக்கு மாசியில் விடை கிடைத்தது. நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையை நினைத்துத் தூங்காமல் கிடந்தார். “மரத்தை நட்டது தப்பா போச்சே தம்பி” என்று அவர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அதே மாதங்களில்தான், இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு கைமாறியது. அடுக்குமாடி கட்ட வாங்கியவர்கள். ஒரு மா, இரண்டு தென்னை, ஒரு நாவல், மதிலோரம் ஒரு பூவரசு. ஒரு விடுமுறை நாள் காலையில் வண்டி வந்தது. மரத்தை எடுத்துக்கொண்டு கூலி வாங்காமல் வெட்டித் தரும் ஆட்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நான் சொல்ல வருவது இதுதான். இப்போதைய அனுமதி முறை, கேட்பவரை வதைக்கிறது; கேட்காதவரைத் தொடுவதே இல்லை. இதைப் பார்த்து வளரும் ஓர் ஊர் என்ன பாடம் கற்கும்? அனுமதி கேட்பது அசட்டுத்தனம் என்று கற்கும். கேட்காமல் இருக்க வழிகளையும் கண்டுபிடிக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிடுவது ஒரு வழி. வேரில் ஆசிட் ஊற்றுவது இன்னொன்று. துளைபோட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். ஆறு மாதத்தில் இலை உதிர்ந்து நிற்கும் மரத்தைக் காட்டி, பட்ட மரம்தானே என்று எடுத்துவிடலாம். பட்ட மரம் எப்படிப் பட்டது என்று விசாரிக்க ஆள் கிடையாது.

தெரு மரங்களை நாம் எல்லோரும் சேர்ந்தே இப்படிச் சாகடிக்கிறோம். மழைக்கு முன் மின்வாரியத்தார் கம்பியில் படாமல் கிளை கழிக்கிறார்கள், கழிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் ஒரே பக்கம் கழித்தால் எடை முழுவதும் மறுபக்கம் சாய்கிறது. நடைபாதைக்கு பேவர் பிளாக் போடுகிறவர்கள் அடிமரத்தின் கழுத்தை நெருக்கிச் சிமென்ட் பூசுகிறார்கள். வேருக்கு மழைநீரும் இல்லை, காற்றும் இல்லை. அடுத்து வடிகாலுக்குப் பள்ளம் தோண்டுகிறவர்கள் எந்திரத்தால் பக்கவேரை அறுத்துவிட்டு மண்ணை மூடிப் போகிறார்கள். தூங்குமூஞ்சி மரமும் இயல்வாகையும் மயில்கொன்றையும் விரைவாக வளர்ந்து அகலமாகக் குடை விரிப்பவை. நகரத் தெருவில் கிடைக்கும் கொஞ்ச மண்ணில் அவற்றின் வேர் ஆழம் போவதில்லை. அப்படிப்பட்ட மரத்தின் ஒரு பக்க வேரை அறுத்தால், அடுத்த காற்றுக்கு அது என்ன செய்யும்? 2022 ஜூனில் கே.கே.நகரில், வடிகால் பணி நடந்துகொண்டிருந்த சாலையில் ஒரு மரம் சாய்ந்து, காரில் போய்க்கொண்டிருந்த வங்கி மேலாளர் ஒருவர் இறந்தார். பள்ளம் தோண்டியதுதான் காரணம் என்றார்கள் அங்கிருந்த மக்கள். மாநகராட்சி அதை மறுத்தது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ‘ஆபத்தான மரங்கள்’ என்ற பட்டியல் நீள்கிறது. அவற்றை ஆபத்தாக்கியவர்கள் யார் என்ற பட்டியலை நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி வரப்போவதுதான் பெரிய சோதனை. கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை மெட்ரோ ரயிலை நீட்டுவதற்கான விரிவான திட்ட அறிக்கை 2025 பிப்ரவரியில் அரசிடம் அளிக்கப்பட்டது. 21.76 கி.மீ. நீளம், 19 நிலையங்கள், 9,744 கோடி ரூபாய் மதிப்பீடு. முகப்பேர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி வழியாகத் தூண்களின் மேல் போகும் பாதை. எனக்கு இந்த ரயில் வேண்டும். காலையில் அம்பத்தூர் ஓ.டி.யில் பேருந்துக்குக் காத்திருக்கும் எந்தத் தொழிலாளிக்கும் அது வேண்டும். ரயில் வந்தால் சாலையில் ஓடும் வண்டி குறையும், புகை குறையும். ரயிலா மரமா என்று கேட்பவர்கள் இரண்டில் எதற்கும் நல்லது செய்வதில்லை. எத்தனை மரம் போகிறது, எது போயே தீர வேண்டியது, தூணை நாலு அடி தள்ளினால் எது பிழைக்கும் என்று முன்கூட்டியே கேட்பதுதான் முறையான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க இன்று இந்தச் சாலையில் வாழ்பவர்களுக்கு இடமே இல்லை.

நமக்குத் தெரிய வருவதெல்லாம் எண்தான். ஒரு நாள் காலையில் பார்த்தால், மரத்தில் பட்டையைச் செதுக்கிப் பெயின்ட்டால் ஓர் எண் எழுதியிருக்கும். கீழே டீக்கடை வைத்திருப்பவருக்கும், நிழலில் ஆட்டோ நிறுத்துபவருக்கும், செருப்புத் தைப்பவருக்கும் அப்போதுதான் சேதி தெரியும். பசுமைக் குழு எப்போது கூடியது, எந்தத் துறை கேட்டது, யார் வந்து பார்த்தார்கள், வேறு வழி யோசித்தார்களா என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்காது. இருபது ஆண்டாக அந்த நிழலில் பிழைத்தவருக்கு, அது போகும் நாள்கூட முன்னால் சொல்லப்படுவதில்லை.

ஒன்றுக்குப் பத்து என்று கன்று நடுவதைப் பற்றியும் பேச வேண்டும். அறிக்கையில் அது நிறைவாகத் தெரிகிறது: 100 மரம் போனால் 1,000 கன்று. அவை எங்கே நடப்படுகின்றன? சி.டி.எச். சாலையில் இடம் இல்லை. ஆகவே ஏதோ ஓர் ஏரிக்கரைக்கோ, பள்ளி வளாகத்துக்கோ, வெளிவட்டச் சாலையின் ஓரத்துக்கோ போகும். நிழலை இழந்த தெருவுக்கு அதில் ஒன்றுகூட வராது. நட்ட நாளன்று படம் எடுப்பார்கள். சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது, ஆடு கடிக்காமல் யார் பார்ப்பது, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று யார் எண்ணுவது? முழங்கால் உயரப் புங்கங்கன்று பத்தைச் சேர்த்து வைத்தாலும், ஒரு பேருந்து நிறுத்தம் முழுவதையும் மூடி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் வந்துவிடாது. அதற்கு இருபத்தைந்து ஆண்டு வேண்டும். இன்று அந்த நிறுத்தத்தில் நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்த இருபத்தைந்து ஆண்டு கணக்கு எதற்கு உதவும்?

வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவோம் என்ற வாக்குறுதியும் உண்டு. முறையாகச் செய்தால் சில வகை மரங்கள் பிழைக்கும். ஆலும் அரசும் ஓரளவு தாங்கும். ஆனால் 2022-இல் டெல்லி அரசே உயர் நீதிமன்றத்தில் தந்த கணக்கைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்குதான் உயிரோடு இருந்தது. அதற்கென்று தனிக் கொள்கையும் பணமும் வைத்திருந்த ஊரில் இந்த நிலை.

மதிப்புக் கணக்கு இன்னும் வருத்தம் தருவது. வெட்ட முடிவானதும் மரம் விறகாகவும் பலகையாகவும் மட்டுமே எடை போடப்படுகிறது. தூங்குமூஞ்சி மரத்துக்கு விறகுக் கடையில் என்ன விலை கிடைத்துவிடும்? உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று வேறு மாதிரி கணக்குப் போட்டது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு அது. உயிர்க்காற்று, மண்ணுக்குச் சேரும் உரம் என எல்லாம் சேர்த்து, ஒரு மரத்தின் மதிப்பு அதன் வயதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 74,500 ரூபாய் என்றது அந்தக் குழு. நாற்பது வயது மரத்துக்கு 29 லட்சத்து 80 ஆயிரம். இந்தத் தொகையில் ஒருவர் சண்டை போடலாம். 2023-இல் அந்த மரங்களை வெட்ட நீதிமன்றம் வழிவிட்டதும் உண்மை. ஆனால் திட்ட மதிப்பீட்டில் மரத்துக்கு இப்படி ஒரு வரி எழுதியிருந்தால், தூணை நாலு அடி தள்ளுவது செலவா சிக்கனமா என்று பொறியாளர் ஒருமுறை யோசிப்பார். இன்றைய கணக்கில் வெட்டுவதுதான் எப்போதும் மலிவு.

திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். படையெடுத்து வந்த தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். கொடியின் அடியிலிருந்து ரத்தம் பெருகியது. இறங்கிப் பார்த்தால் வாள் பட்ட சிவலிங்கம். செய்த பிழைக்கு உயிரை விடவே துணிந்தானாம் மன்னன். அந்தக் காயத்துக்காக இன்றும் சுவாமிக்குச் சந்தனக் காப்பு சாத்தியே வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை சதயத்தில்தான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள். அவசரத்தில் இருந்தவன் அரசன். போருக்குப் போகிறவனுக்கு வழி வேண்டியிருந்தது. குறுக்கே இருந்தது ஒரு கொடி. வெட்டுவதற்கு முன் இறங்கிப் பார்த்திருக்கலாம் என்பதைத்தான் இந்த ஊர் ஆயிரம் ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோயிலைத் தாண்டி அரை மணி தெற்கே போனால் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பி பிறந்து, காஞ்சி வரதராஜருக்குப் பூ கொண்டுபோன ஊர். முல்லைத்தோட்டம் என்பது அங்கே இப்போது ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயர்.

இறங்கிப் பார்ப்பதற்கான ஏற்பாடு மற்ற இடங்களில் சட்டமாகவே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாநகராட்சியிலும் மர ஆணையம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பு உண்டு. வெட்ட விண்ணப்பம் வந்தால் மர அலுவலர் நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதோடு அந்த மரத்திலேயே, கண்ணில் படும் இடத்தில், அறிவிப்பை ஒட்ட வேண்டும். மக்கள் ஆட்சேபம் சொல்லலாம். அனுமதி கொடுத்த பிறகும் 15 நாள் கழித்துத்தான் வெட்டலாம். 2021-இல் செய்த திருத்தம், 50 வயதைத் தாண்டிய மரத்தைப் பாரம்பரிய மரம் என்கிறது. வெட்டினால் மரத்தின் வயது எத்தனையோ அத்தனை மரம் நட வேண்டும். கர்நாடகத்தில் பொதுப்பணிக்காக 50 மரங்களுக்கு மேல் வெட்டுவதென்றால் பொது அறிவிப்பு கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். சட்டம் இருந்தும் 2019 அக்டோபரில் மும்பை ஆரே பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக ஓரிரு இரவில் 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன என்பதை மறக்கவில்லை. ஆனால் அங்கே சட்டம் இருந்ததால்தான் மக்களுக்கு முன்பே தெரிந்தது. தெரிந்ததால்தான் நீதிமன்றம்வரை போனார்கள். போனதால்தான் உச்ச நீதிமன்றம் மறுவாரமே நிறுத்தச் சொன்னது. நம் சாலையில் அது நடந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா?

கடலுக்கு அப்பால் இலங்கையில், 1951-ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் பெயர் சொல்லிக் காக்கிறது. யாழ்ப்பாணத்தில் தன் வளவில் நிற்கும் பெண் பனையை வெட்ட ஒருவர் அனுமதி கேட்டாக வேண்டும். பசியாற்றும் மரம் என்பதால் அதற்கு அந்த மரியாதை. சிங்கப்பூரில், குறித்த பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தொட ஒப்புதல் வேண்டும். யாருக்கு எது பொருந்தும் என்பதில் அங்கே குழப்பம் இல்லை: இந்த வகை, இந்தச் சுற்றளவு, இந்த இடம். நாடா ஒன்று போதும், எவரும் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றால் நம் ஊரில் இரண்டு பயங்கள் எழுகின்றன. வெட்ட முடியாது என்றால் எவன் மரம் நடுவான் என்பது விவசாயியின் பயம். நியாயமான பயம். தேக்கும் சவுக்கும் மலைவேம்பும் போடுகிறவர் அறுவடைக்காகத்தான் போடுகிறார். அந்த வகைகளையும் தோட்டப் பயிராக வளரும் மரங்களையும் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். இரண்டாவது பயம் வீட்டுக்காரருடையது: இன்னொரு அலுவலகம், இன்னொரு கையூட்டு. இதற்கு மருந்து நாள் கணக்குதான். மகாராஷ்டிரச் சட்டத்தில் 60 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். ஆபத்தான மரத்துக்கு இன்னும் குறைந்த நாள் வைக்கலாம். ஏழு நாளில் ஒருவர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படி இருந்திருந்தால் நான் சொன்ன அந்த அம்மா ஒரு மழைக்காலத்தை விழித்தே கழித்திருக்க மாட்டார். மரத்தைக் காக்கும் சட்டம், மரத்தை எடுக்க வேண்டியவருக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வீடு கட்ட அனுமதி கேட்கும் வரைபடத்தில் கழிவுநீர்த் தொட்டி எங்கே, கார் எங்கே நிற்கும், மழைநீர் எங்கே இறங்கும் என்று காட்டுகிறோம். மழைநீர்த் தொட்டி வரைபடத்தில் வந்தது நம் தலைமுறையில்தான். ஆரம்பத்தில் எல்லோரும் முணுமுணுத்தோம், இன்று பழகிவிட்டது. மனையில் நிற்கும் மரங்களையும், அவற்றின் சுற்றளவோடு, அதே வரைபடத்தில் காட்டச் சொல்ல என்ன தடை? மதிலோரப் பூவரசைத் தக்கவைத்துக்கொண்டு வீட்டைக் கட்ட முடியுமா என்று பொறியாளர் அப்போதாவது பார்ப்பார். கிராமக் கணக்கில் புறம்போக்கு மரங்களுக்கு 2-சி பட்டா என்று ஒன்று இருக்கிறது. நிலம் அரசுடையது, மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை இன்னாருடையது என்று புளிக்கும் பனைக்கும் தனித்தனியே எழுதி வைத்திருந்த நிர்வாகம் நம்முடையது. மரத்தை எண்ணி எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கிராமமாக இருந்த அம்பத்தூரும் ஆவடியும் நகரமானபோது அந்தப் பழக்கத்தைக் கைவிட்டோம்.

தமிழ்நாட்டின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. கோடிக்கணக்கில் கன்று வளர்க்கிறார்கள், வளர்க்கட்டும். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் நடுவதற்கு இயக்கம் இருக்கும் மாநிலத்தில், நிற்பதைக் காக்கச் சட்டம் இல்லாதது பெரிய குறை. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே நகர மரங்களுக்கான சட்டமுன்வடிவைக் கொண்டுவர வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சென்னை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்கள் தங்கள் பசுமைக் குழுவின் ஒரு தீர்மானத்தால் இதைத் தொடங்கிவிடலாம். வெட்டக் கேட்கும் ஒவ்வொரு மரத்திலும் ஒரு தாளை, ஆணி அடிக்காமல், கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். எந்தத் துறை கேட்கிறது, எதற்காக, எந்தத் தேதிக்குள் யாரிடம் ஆட்சேபம் சொல்லலாம், ஈடாக எங்கே எத்தனை நடப்படும் என்று பெரிய எழுத்தில், தமிழில் எழுதுங்கள். குழுவின் முடிவுகளை மாவட்ட இணையதளத்தில் மாதந்தோறும் போடுங்கள். ஈடாக நட்ட கன்றுகளுக்கு வைப்புத்தொகை வாங்கி, மூன்றாம் ஆண்டு எண்ணிப் பார்த்த பிறகே திருப்பிக் கொடுங்கள்.

சி.டி.எச். சாலையில் மெட்ரோ தூணுக்காக முதல் பள்ளம் தோண்டுவதற்கு முன், பாடி முதல் பட்டாபிராம் வரை எத்தனை மரங்கள் நிற்கின்றன, அவற்றில் எவை போகப்போகின்றன என்ற பட்டியலை மெட்ரோ நிர்வாகம் வெளியிடட்டும். அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடியில் தலா ஒரு நாள் கூட்டம் போட்டு மக்களிடம் கேட்கட்டும். இந்தச் சாலையில் வாழ்பவர்களே, உங்கள் நிறுத்தத்தில் நிற்கும் மரத்தின் சுற்றளவை நாளைக்கே அளந்து, போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். கூட்டத்தில் கேட்கும்போது கையில் அது இருக்க வேண்டும்.